பினாங்குக் கடலை எடை போட்ட ஐந்து நாள்

முதல் நாள்: லெபோ பாசார், ஜார்ஜ்டவுன்

லிட்டில் இந்தியாவில் காலையில் பசியாற உட்கார்ந்த கடையிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. கண்ணாடிக் கிளாஸில் வரும் கோப்பியில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கெட்டிப்பால், அதன்மேல் கறுப்புக் கோப்பி. கரண்டி போடாமல் விட்டால் வெகுநேரம் அப்படியே நிற்கும். பாலில் கரைந்திருக்கும் சர்க்கரையின் கனம் அதைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. கடலில் அந்த வேலையை உப்பு செய்கிறது. உப்போடு சூடும் சேர்ந்துகொள்வதால்தான் கணக்குக் கொஞ்சம் சிக்கலாகிறது. எந்த இடத்தில் உப்பு ஜெயிக்கிறது, எந்த ஆழத்தில் சூடு ஜெயிக்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கையில் இருப்பவை: 0.1 டிகிரி வரை படிக்கக்கூடிய தெர்மாமீட்டர், மிதக்கவிட்டு அடர்த்தியைப் படிக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர், ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும், மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளக்கும், நீண்ட கேபிள் உள்ள கான்டக்டிவிட்டி மீட்டர், மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட 20 மீட்டர் கயிறு. கடலுக்குப் போகுமுன் ஒரு மாலை முழுவதும் இவற்றைச் சரிபார்க்கவே ஒதுக்க வேண்டும். அதைத் தவிர்த்தால் அடுத்த நான்கு நாள் எழுதும் எண்கள் எல்லாம் வீண்.

ஹைட்ரோமீட்டரை வடிநீரில் மிதக்கவிட்டுப் பார்த்ததும் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 1.000 காட்டவில்லையே, கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பினாங்கு அறையில் தண்ணீர் 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் நல்ல தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 995.65 கிலோதான். அடர்த்தியை நேராகக் காட்டும் கருவி என்றால் 0.9957ஐ ஒட்டிக் காட்டுவதே சரி. நல்ல தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஒப்படர்த்திக் கருவி என்றால் எந்தச் சூட்டுக்கு அளவு போட்டது என்று தண்டிலேயே எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். தண்டைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் ஒட்டியிருக்கும் குமிழ்கள் உதிரும். ஒரு குமிழ் ஒட்டியிருந்தாலும் கருவி தூக்கிக்கொண்டு நிற்கும், தண்ணீர் உள்ளதைவிடக் கனமாகத் தெரியும். தண்டை ஒட்டித் தண்ணீர் ஏறி நிற்கும் விளிம்பைப் படிக்கக் கூடாது. தட்டையான நீர்மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் படிக்க வேண்டும்.

ரிஃப்ராக்டோமீட்டரை வடிநீரில் சுழியத்துக்கு வைப்பது போதாது. சுழியத்தில் சரியாக நிற்கும் கருவி 35இல், அதாவது ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு என்ற அளவில், இரண்டு மூன்று அலகு தள்ளிக் காட்டலாம். வீட்டிலேயே ஒரு கரைசல் செய்துகொள்ளலாம்: ஈரமில்லாத சுத்தமான உப்பு 36.5 கிராம், வடிநீர் 963.5 கிராம். அது ஒளியை வளைக்கும் அளவு 35 உப்புள்ள கடல்நீருக்குச் சமம். இதில் 35 காட்ட வைத்துவிட்டால் கடலில் நம்பலாம்.

ராத்திரி மேசைமேல் ஒரு சோதனை. 35 கிராம் உப்பை 965 கிராம் தண்ணீரில் கரைத்து அறைச் சூட்டிலேயே கிளாஸில் பாதி ஊற்றினோம். ஐஸ் போட்டு நன்றாகக் குளிர்ந்த நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு நீல உணவுச் சாயம் விட்டு, கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிட்டோம். ரோஸ் சிராப்பைச் சாயமாகப் போட்டால் சோதனை கெட்டுவிடும், அதில் சர்க்கரை இருக்கிறது. நீலம் உப்புநீரின்மேல் ஏடு போலப் பரவி, எல்லை ஒருமுறை ஆடி அடங்கி, தனி அடுக்காக நின்றது. குளிர்ந்த தண்ணீர் கீழே போகும் என்றுதான் எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே ஐஸ் தண்ணீர் மேலே, அறைச் சூட்டு உப்புநீர் கீழே. நல்ல தண்ணீரை எவ்வளவு குளிரவைத்தாலும் அது 1000ஐத் தாண்டாது. 4 டிகிரியில் அதுதான் உச்சம். 30 டிகிரிக் கடல்நீரோ 1021.7இல் நிற்கிறது.

இரண்டாம் நாள்: வெல்ட் கீ முதல் பட்டர்வொர்த் வரை

2023இல் வந்த புதிய ஃபெர்ரியில் அக்கரைக்குப் போகும் அந்தச் சில நிமிடத்தில் தண்ணீரின் நிறத்தைக் கவனியுங்கள். வற்றுத் தண்ணீர் நேரத்தில், அதிலும் உள்நாட்டில் மழை பெய்த மறுநாள், பட்டர்வொர்த் பக்கம் பிறை ஆற்றின் பழுப்பு நீர் கால்வாயில் இறங்கிப் பரவும். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு கோடு, அதில் நுரை, இலை, மிதக்கும் குப்பை. கனமான கடல்நீர் லேசான ஆற்றுநீருக்கு அடியில் நுழையும் இடம் அது. மேல்நீர் இரண்டு பக்கமிருந்தும் அந்தக் கோட்டை நோக்கி வருவதால் மிதப்பதெல்லாம் அங்கே சேர்ந்துவிடுகிறது.

இந்தத் துறைமுகத்தில் அடர்த்தி என்பது பணம். கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் குறுக்குக் கோடும், அருகே ஏணிப்படி போலக் கோடுகளும் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளிம்சால் குறி. சாமுவேல் பிளிம்சாலின் போராட்டத்தால் 1876இல் பிரிட்டிஷ் சட்டம் கட்டாயமாக்கிய அடையாளம் அது. கோடைக் கோடும் வெப்பமண்டலக் கோடும் கடல்நீர் 1025 என்று வைத்துப் போட்டவை. நல்ல தண்ணீருக்குத் தனிக் கோடு உண்டு. கடல்நீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு வந்தால் கப்பல் கூடுதலாக மூழ்கும் அளவுக்கு நன்னீர் விலக்கு என்று பெயர். துறைமுகத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே இருந்தால் கணக்குப் போட வேண்டும்:

நன்னீர் விலக்கு × (1025 − துறைமுக அடர்த்தி) ÷ 25

உதாரணமாக 40,000 டன் இடப்பெயர்ச்சி (கப்பல் ஒதுக்கும் நீரின் எடை) உள்ள கப்பல், ஒரு சென்டிமீட்டர் தாழ 40 டன் சரக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் நன்னீர் விலக்கு 40,000 ÷ (4 × 40) = 250 மி.மீ. துறைமுகத்தில் 1015 அளந்தால் 250 × 10 ÷ 25 = 100 மி.மீ. அதாவது கோட்டுக்கு மேல் 10 செ.மீ. வரை மூழ்க ஏற்றலாம். 1025 உள்ள திறந்த கடலுக்குப் போனதும் கப்பல் தானே எழும்பிக் கோட்டில் நிற்கும்.

எங்கே தப்பு நடக்கிறது? வாளியைக் கப்பலின் கரைப்பக்கம் வீசி மேல்நீரை மொண்டு அளப்பதில். மேலே மிதப்பது ஆற்றுநீர். கப்பலின் உடம்போ பல மீட்டர் ஆழத்தில் அதைவிடக் கனமான நீரில் நிற்கிறது. மேல்நீர் 1015, கப்பலைத் தாங்கும் நீர் சராசரியாக 1018 என்றால் இந்த உதாரணத்தில் பிழை 30 மி.மீ., ஏறத்தாழ 120 டன். யாரோ ஒருவர் இல்லாத சரக்குக்குப் பணம் கட்டுகிறார், அல்லது கப்பல் அளவு மீறி ஏற்றிக்கொண்டு போகிறது. கடற்பக்கம் மூன்று இடத்தில், முன்னணியம், நடு, பின்னணியம் என்று, கப்பல் மூழ்கியிருக்கும் ஆழத்தின் பாதிக்கு மூடிபோட்ட சாடியை இறக்கி எடுக்க வேண்டும். கப்பல் தன் அடித்தண்ணீரை வெளியேற்றும் துளைக்கு அருகே போகவே கூடாது. எடுத்த உடனே, அதே சூட்டில் படிக்க வேண்டும். இங்கே சூட்டுத் திருத்தம் போடக் கூடாது, ஏனென்றால் கப்பல் மிதப்பது அந்தச் சூட்டில் உள்ள அந்தத் தண்ணீரில்தான். உப்பைக் கண்டுபிடிக்க அடர்த்தி அளந்தால் மட்டும் சூட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆட்கள் அனுபவசாலிகளிலும் உண்டு.

இன்னொன்று. 1025 என்ற எண்ணைப் பார்த்து, மலாக்கா நீரிணைக்குள் போய்விட்டால் தண்ணீர் அவ்வளவு கனமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 35 உப்புள்ள பெருங்கடல் நீரே 30 டிகிரியில் 1021.7தான். உப்பு 30ஆகக் குறைந்தால் 1018. பினாங்கின் சூட்டில் 1025ஐப் பார்க்க வழியே இல்லை. வெப்பமண்டலக் கோடு கோடைக் கோட்டைவிட உயரத்தில் இருப்பது இந்தக் கடல்களில் வானிலை சாந்தமாக இருப்பதற்காக. தண்ணீரின் கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாம் நாள்: தெலுக் பகாங்

வெல்ட் கீயிலிருந்து 101ஆம் எண் பஸ் பத்து ஃபெரிங்கி வழியாக மீன்பிடி கம்பமான (கிராமமான) தெலுக் பகாங்கில் கொண்டுவிடும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இந்தக் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. ஜெட்டியில் படகு பேசிக்கொள்ளலாம்.

இன்றைய கருவி கையால் செய்தது: கனத்த கண்ணாடிப் புட்டி, 500 மி.லி. அடியில் ஈயக்குண்டு, வாயில் கார்க். கார்க்கைக் கட்டிய கயிற்றையே புட்டியின் கழுத்தில் ஒரு கை நீளம் தளர்வாக முடிந்துவிட வேண்டும். வேண்டிய ஆழம் வந்ததும் வெடுக்கென்று ஓர் இழுப்பு. கார்க் விடுபடும், குமிழ்கள் மேலே வரும், அவை நின்றால் புட்டி நிறைந்துவிட்டது. தூக்கும்போது வாய் திறந்திருந்தாலும் ஒரே மூச்சில் தூக்கினால் பெரிதாகக் கலப்பதில்லை. சூடு மட்டும் மாறிவிடும். மேலே வந்த அரை நிமிடத்துக்குள் தெர்மாமீட்டரைப் புட்டிக்குள்ளேயே விட்டுப் படிக்க வேண்டும். படகின் பலகையில் வைத்துவிட்டுக் கதை பேசினால் வெயில் அதைத் தின்றுவிடும்.

நீரோட்டம் கயிற்றைச் சாய்க்கும். கயிறு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் 10 மீட்டர் கயிறு 8.7 மீட்டர் ஆழத்தையே எட்டுகிறது. 45 டிகிரி சாய்ந்தால் 7 மீட்டர்தான். சாய்வைக் குறிக்காமல் கயிற்று நீளத்தையே ஆழம் என்று எழுதினால், இருக்கும் அடுக்கு வேறு ஆழத்தில் இருப்பதாகத் தெரியும்.

சூடும் உப்பும் கிடைத்ததும் அடர்த்தியை அந்த இடத்திலேயே மனக்கணக்காகப் போடலாம். இந்தக் கடலுக்கு மட்டும் பொருந்தும் சுருக்குவழி இது: 30 டிகிரி, 30 உப்பு என்றால் 1018. உப்பு ஓர் அலகு கூடினால் 0.75 கூட்டு, சூடு ஒரு டிகிரி கூடினால் 0.33 கழி. மேல்நீர் 31 டிகிரியும் 29 உப்பும் இருந்தால் 1016.9. அடிநீர் 29.5 டிகிரியும் 31.5 உப்பும் இருந்தால் 1019.3. வித்தியாசம் 2.4. அதில் உப்பின் பங்கு 1.9, சூட்டின் பங்கு 0.5.

கடலில் இறங்குகிறவர்கள் காலில் சில்லென்று படுவதை வைத்து, அடித்தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் கீழே தங்கியிருக்கிறது என்கிறார்கள். குளிர்ச்சியைத்தான் தோல் உணர்கிறது, உப்பு இரண்டரை அலகு கூடியிருப்பதைத் தோல் சொல்லாது. இங்கே ஓர் அலகு உப்பு இரண்டேகால் டிகிரி சூட்டுக்குச் சமம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற வற்றத்தின் இழுவை பலமாக இருக்கும். ஆழம் குறைந்த கடலில் அந்த இழுவை மேல்நீரையும் அடிநீரையும் கலக்கிவிடும், இரண்டு புட்டியிலும் ஏறக்குறைய ஒரே எண் வரும். அஷ்டமி, நவமியை ஒட்டி இழுவை தளரும். அப்போது நல்ல மழையும் பெய்தால் அடுக்கு தெளிவாக நிற்கும். அடுக்கு பார்க்க வருகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நான்காம் நாள்: பந்தாய் கெராச்சுட்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவின் வாசலில் பதிந்துவிட்டுக் காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் பந்தாய் கெராச்சுட். ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் நிலையம் இருக்கும் கடற்கரை. மணலுக்குப் பின்னால் ஒரு குளம், அதன்மேல் ஒரு பாலம். காட்டு ஓடைகள் ஒரு பக்கமிருந்து நல்ல தண்ணீரை விடுகின்றன, கடல் இன்னொரு பக்கமிருந்து உப்புநீரைத் தள்ளுகிறது. இரண்டும் கலப்பதில்லை. மேலே குளிர்ந்த நல்ல தண்ணீர், அடியில் சூடான கடல்நீர். பருவத்தைப் பொறுத்து நிறைந்தும் இருக்கும், வற்றி வெறும் மணலாகவும் கிடக்கும். ஆகவே போகுமுன் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ராத்திரி கிளாஸில் பார்த்தது இங்கே குளத்தளவில் கிடக்கிறது. ஓடை நீர் 26 டிகிரி என்றால் 996.8. கடல்நீர் 30 டிகிரி, 30 உப்பு என்றால் 1018. நடுவே 21 கிலோ. காற்று எவ்வளவு வீசினாலும் இந்த வேறுபாட்டைக் கலக்குவது கடினம், அதிலும் மரங்கள் காற்றை மறைக்கும் இடத்தில்.

அளக்கும் முறையில் பொறுமை வேண்டும். குளத்தில் அளக்கப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும். தண்ணீர் மொள்ளும் புட்டி இங்கே ஆகாது, இறக்குவதே அடுக்கைக் கலக்கிவிடும். கான்டக்டிவிட்டி மீட்டரின் முனையை மெல்லிய மூங்கில் கழியில் கட்டி, 10 செ.மீ. இறக்கு, அரை நிமிடம் காத்திரு, படி, மறுபடி 10 செ.மீ. என்று போக வேண்டும். அடுக்கு மாறும் இடத்தில் 2 செ.மீ. வீதம். இறக்கும்போது எடுத்த எண்ணை மட்டும் எழுதுங்கள். தூக்கும்போது கழியோடு அடித்தண்ணீரும் இழுபட்டு வரும்.

எண் சட்டென்று தாவும் அந்த இடம்தான் கண்கொள்ளாக் காட்சி. ஓடை நீரில் மீட்டர் ஒன்றுக்கும் கீழே காட்டிக்கொண்டிருக்கும். 30 உப்புள்ள நீருக்குள் முனை புகுந்ததும், 25 டிகிரிக்குத் திருத்திய அளவில் சென்டிமீட்டருக்கு 46 மில்லிசீமென்ஸை (மின்சாரம் கடத்தும் திறனின் அலகு) எட்டிவிடும். கூடவே சூடும் ஏறும். கீழே போகப் போகச் சூடு ஏறுவதைப் பார்த்து மீட்டர் பழுது என்று திரும்பிவிடக் கூடாது. வெயில் மேலடுக்கை ஊடுருவி அடிநீரைச் சூடாக்குகிறது. சாதாரணக் குளமாக இருந்தால் சூடான நீர் எழும்பி வந்து அந்தச் சூட்டைக் காற்றில் விட்டுவிடும். இங்கே உப்பின் பாரம் அதை எழும்பவிடாது. சூடு சிறைப்படுகிறது. உப்புக்குளம் கட்டி வெயிலைச் சேமிக்கும் சூரிய வெப்பக் குளங்கள் வேலை செய்வது இதே வழியில்தான்.

எல்லைக்கோடு ஏன் கரைந்துபோகவில்லை என்பதற்கு இன்னொரு காரணம், தண்ணீரில் உப்பு பரவும் வேகம் சூடு பரவும் வேகத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். சூடு எல்லையைத் தாண்டி மேலே கசிந்துகொண்டே இருக்கும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அடுக்கு நிலைத்துவிட்டால் அடிநீருக்குக் காற்று கிடைக்காது. இலை, சருகு அழுகி ஆக்ஸிஜன் தீரும், அப்புறம் அழுகிய முட்டை வாடை கிளம்பும். மீன் கூண்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பெருமழைக்குப் பின் மேலே நன்னீர் அடுக்கு மூடிக்கொண்டால், அடியில் உள்ள கழிவு ஆக்ஸிஜனைத் தின்னத் தொடங்கிவிடும். கூண்டின் மேல்மட்டத்தில் மட்டும் உப்பும் ஆக்ஸிஜனும் அளந்துவிட்டுப் போகக் கூடாது, வலையின் அடிமட்டத்திலும் அளக்க வேண்டும்.

மீட்டரைப் பற்றி ஒன்று: நீரின் கடத்தும் திறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். பெரும்பாலான கைமீட்டர்கள் தானாகவே 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டும், சில காட்டாது. எது என்று தெரியாமல் எழுதிய எண்ணிலிருந்து உப்பைக் கணக்கிட்டால் 30 டிகிரி நீரில் பத்து விழுக்காடு பிழை வரும்.

ஐந்தாம் நாள்: முக்கா ஹெட்

1883ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் இருக்கும் முனை. இங்கிருந்து வடமேற்கே நீரிணை அகன்றுகொண்டே போய் அந்தமான் கடலாகிறது. கரையோரச் சில மீட்டர் ஆழம் அங்கே ஆயிரக்கணக்கான மீட்டராகிறது, கணக்கும் தலைகீழாகிறது.

ஐராவதியும் சால்வீனும் கொட்டும் நன்னீரால் அந்தக் கடலின் மேல்நீர் லேசானது. மேலே 29 டிகிரி, 33 உப்பு என்று எடுத்துக்கொண்டால் 1020.6. ஆயிரம் மீட்டரில் 7 டிகிரி, 35 உப்பு என்று வைத்தால், அழுத்தத்தைச் சேர்க்காமல் 1027.4. வித்தியாசம் 6.8. இதில் உப்பு கொடுத்தது ஒன்றரைதான், மற்றதெல்லாம் குளிர்ச்சி. கெராச்சுட்டில் ஒன்றும் செய்ய முடியாமல் தோற்ற அதே சூடு, இங்கே ஆளுகிறது. உப்பு இரண்டு அலகுதான் மாறுகிறது, சூடோ 22 டிகிரி மாறுகிறது.

துருவத்துக்குப் போனால் மறுபடி உப்பு. ஒரு டிகிரிக்கு நம் கடலில் 0.33 குறையும் அடர்த்தி, 0 டிகிரியை ஒட்டி 0.05 அளவுக்கே குறைகிறது. அங்கே ஓர் அலகு உப்பு 15 டிகிரிக்குச் சமம். பனி உறையும்போது உப்பைக் கீழே தள்ளிவிடுவதால்தான் அந்த நீர் பெருங்கடலின் அடிவரை இறங்குகிறது. நல்ல தண்ணீர் போல 4 டிகிரியில் உச்சம் கண்டு திரும்பும் பழக்கம் கடல்நீருக்குக் கிடையாது. உப்பு 24.7ஐத் தாண்டினால் உறையும் வரை கனத்துக்கொண்டே போகும்.

அழுத்தமும் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 4.5 கிலோ கூட்டுகிறது. ஆனால் அடுக்கு நிலையாக நிற்குமா என்று பார்க்கும்போது அதைக் கழித்துவிட வேண்டும். மேல்நீரை அதே ஆழத்துக்கு இறக்கினால் அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே நசுங்கும். அழுத்தத்தையும் சேர்த்து ஒப்பிட்டால் எந்தக் கடலும் அசைக்க முடியாத கடலாகத் தெரியும்.

நன்றாகக் கலந்த மேலடுக்குக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் நடுவே அடர்த்தி வேகமாக மாறும் அந்தப் படலத்தில் அலைகள் ஓடும். கடலுக்குள்ளேயே ஓடும் அலைகள். சுமத்ராவின் வட முனைக்கு அப்பால் 1964இல் 80 மீட்டர் உயர அலைகளை அளந்திருக்கிறார்கள். மேலே இருக்கும் படகுக்குத் தெரிவது சலசலவென்று ஓடும் ஒரு பட்டை நீர் மட்டும்தான். அடுக்குகளுக்கிடையே அடர்த்தி வித்தியாசம் சிறியது என்பதால், காற்றுக்கும் நீருக்கும் நடுவே எழும் அலையைவிடப் பல மடங்கு உயரமாக அவை எழும்ப முடிகிறது.

அந்த ஆழத்தில் அளப்பது சி.டி.டி. என்ற கருவி. கடத்துதிறன், சூடு, ஆழம் மூன்றையும் நொடிக்குப் பல முறை பதியும். இறக்குமுன் மேல்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட வேண்டும். வெயிலில் காய்ந்த உலோகம் குளிர வேண்டும், உள்ளே அடைத்த குமிழ் வெளியேற வேண்டும். பிறகு நொடிக்கு அரை முதல் ஒரு மீட்டர் வேகத்தில் இறக்கலாம். சூடு வேகமாக மாறும் படலத்தைக் கடக்கையில், சூட்டு உணரி ஒரு கணம் பின்தங்கும், கடத்துதிறன் உணரி முந்திவிடும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட உப்பு அந்த இடத்தில் முள்போலத் துருத்தும், கனமான நீர் லேசான நீருக்கு மேல் நிற்பதாக வரைபடம் சொல்லும். அந்த முள்ளைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ணுமுன் இரண்டு உணரிகளின் நேரத்தையும் ஒத்துப்போக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் மறைந்துவிடும்.

இறங்கி வந்ததும் எல்லாக் கருவிகளையும் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை, கடைசியாக வடிநீரில் ஒரு முறை. ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் காய்ந்த உப்பு வெண்புள்ளியாகத் தெரிந்தால் துணியால் தேய்க்க வேண்டாம், கீறிவிடும். ஈரப்படுத்தி ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். குறிப்பேட்டில் ஒவ்வொரு வரியிலும் நேரம், ஏற்றமா வற்றமா, கயிற்று நீளம், சாய்வு, சூடு, உப்பு, எந்த மீட்டர் என்று இருக்க வேண்டும். கடைசியாக முந்தின நாள் மழை பெய்ததா என்று ஒரு சொல்.